ஆழ்மணல் ரீஃப் டேங்கில் கல் மாற்றி அடுக்கியபின்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மீன் இப்போதே மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது என்றால் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டாம். நேராக "மீன் மேலே வந்து மூச்சு வாங்குகிறது" என்ற இடத்துக்குப் போங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

10 செ.மீ.க்கு மேல் மணல் போட்டு, ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய ரீஃப் டேங்கில் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில்) கல்லை எடுத்தால் கல் மட்டும் வராது. அதன் அடியில் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த கறுப்புச் சேறும் கூடவே வரும். முட்டை நாற்றம், சுருங்கிய பவளம், மூன்று வாரம் கழித்து ஏறும் நைட்ரேட் என்று அடுத்தடுத்து வரும் தொல்லைகளில் பெரும்பகுதி அந்தச் சேற்றில் தொடங்குபவைதான். மணல் 2 செ.மீ. மட்டும் உள்ள டேங்க்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அவர்கள் சொல்லும் யோசனையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கீழே வரும் அளவுகள் எல்லாம் ஒரே டேங்கை மனதில் வைத்துச் சொல்பவை. 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 55 செ.மீ. உயரம், 12 செ.மீ. நுண்மணல், சம்ப்பையும் (கீழே இருக்கும் துணைத் தொட்டி) சேர்த்து ஓடும் தண்ணீர் சுமார் 240 லிட்டர். மணல் மட்டுமே ஏறக்குறைய 65 லிட்டர். எடை 100 கிலோவை நெருங்கும். உங்கள் டேங்குக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மணலுக்குள் என்ன நடக்கிறது

மேலே ஓரிரு செ.மீ. வரை ஆக்சிஜன் இறங்கும். புழு, சிறு நத்தை, கோப்பிபாட் என்ற மிகச் சிறிய ஓட்டுயிர் எல்லாம் புழங்குவது பெரும்பாலும் இங்கேதான். அதற்குக் கீழே ஆக்சிஜன் இல்லாமல் போக, பாக்டீரியா நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும். நாம் இவ்வளவு மணல் போடுவதே இந்தப் பட்டைக்காகத்தான். இன்னும் கீழே, நைட்ரேட்டும் தீர்ந்த இடத்தில், வேறு பாக்டீரியா சல்பேட்டை எடுத்து, அழுகிய முட்டைபோல் நாறும் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் இருப்பதால் இந்தப் பாக்டீரியாவுக்கு அதில் பஞ்சமே கிடையாது. சல்ஃபைடு இரும்போடு சேர்ந்தால் வருவதுதான் அந்தக் கறுப்பு.

மணலைத் தொடாதவரை சல்ஃபைடு மேலே வருவதற்குள் ஆக்சிஜன் பட்டு சல்பேட்டாகவே திரும்பிவிடும். கிளறினால் இந்த வேலை மணலுக்குள் நடக்காமல் மீன் நீந்தும் தண்ணீரில் நடக்கும். தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் அதற்கே செலவாகும். மீன் சாவது சல்ஃபைடின் நஞ்சாலா, ஆக்சிஜன் குறைந்ததாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் சேர்ந்தே தாக்கும்.

இதிலிருந்து கிடைக்கும் விதி ஒன்றுதான். மணலைக் கைப்பிடி அளவில் தொடலாம். அல்லது உயிர்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு மொத்தமாக அள்ளலாம். மீன் உள்ளே இருக்கும்போதே பாதி மணலைக் கிளறும் நடுவழிதான் டேங்கைக் கவிழ்க்கும்.

கல்லைத் தூக்கும் முறை

பிழை பெரும்பாலும் இங்கே நடப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம்.

முதல் நாளே 60 லிட்டர் புது உப்புத் தண்ணீர் கலக்கி வையுங்கள். ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 38 கிராம் உப்பு. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால் கடைசி வார்த்தை ரிஃப்ராக்டோமீட்டருடையது (உப்பளவு காட்டும் கருவி). டேங்கில் உப்பு ஆயிரத்துக்கு 35 என்றால் இதிலும் 35. ஒரு பவர்ஹெட் (நீரோட்டம் தரும் சிறு பம்ப்) போட்டு ஓடவிடுங்கள். வெப்பநிலை டேங்கை விட ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. சென்னை வெயிலில் மொட்டைமாடி வாளியில் கலக்கி வைத்துவிட்டு 33 டிகிரித் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டு, "மணல்தான் கெடுத்தது" என்று பழிபோடுகிறவர்களும் உண்டு.

உப்புத் தண்ணீர் தவிர, 12 மி.மீ. உள்விட்டமுள்ள ஒளி ஊடுருவும் டியூப் மூன்று மீட்டர், 20 லிட்டர் வாளி மூன்று, ஊசியில்லாத 60 மி.லி. சிரிஞ்ச், ஃபில்டர் வூல், 150 கிராம் ஆக்டிவேட்டட் கார்பன், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று. ஏர் பம்ப்பை மட்டும் கடன் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட ரப்பர் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். ஸோவாந்திட், பாலிதோவா (பொத்தான் பவளம்) இனங்கள் ஒட்டிய கல்லை உடைக்கும்போது அவற்றிலுள்ள பாலிடாக்ஸின் கண்ணில் தெறித்தாலோ காயத்தில் பட்டாலோ ஆஸ்பத்திரி வரை போகவேண்டி வரும். அந்தக் கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யவே கூடாது. ஆவியோடு நஞ்சும் வீட்டுக்குள் பரவும்.

ஹீட்டர், பவர்ஹெட், ரிட்டர்ன் பம்ப் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்தே கழற்றுங்கள். நீர்மட்டம் இறங்கி ஹீட்டர் வெளியே தெரிந்தால் அதன் கண்ணாடிக் குழாய் வெடிக்கும். ஸ்கிம்மரும் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) ஏர் பம்ப்பும் மட்டும் ஓடட்டும்.

இப்போது கல். மணலுக்கு மேலே இருப்பவற்றை முதலில் எடுத்து, டேங்க் தண்ணீரே நிரப்பிய வாளியில் வையுங்கள். மணலில் புதைந்த அடிக்கல்லுக்கு வரும்போது ஒரு கணம் நிறுத்தி யோசியுங்கள்: இதை எடுத்தே ஆகவேண்டுமா? முக்கால்வாசி நேரம் பதில் "இல்லை"தான். மேலே தெரியும் பகுதியை உளியால் மணல் மட்டத்தில் உடைத்துவிட்டு, புதைந்ததை அங்கேயே விட்டுவிடலாம். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மணலுக்கும் ஒன்றும் ஆகாது.

எடுத்தே ஆகவேண்டும் என்றால் இருவர் வேண்டும். ஒருவர் டியூபை சைஃபனாக ஓடவிட்டு, அதன் வாயைக் கல்லும் மணலும் சேரும் இடத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் கல்லை நேர் மேலாக, சற்றே திருகியபடி, மிக மெதுவாகத் தூக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் கல் ஏர் மாதிரி மணலை உழுதுகொண்டு போகும். அவசரமாகத் தூக்கினால் அடியில் ஏற்படும் வெற்றிடம் சேற்றைக் கொப்பளித்து மேலே கொண்டுவரும். மணல் சரிந்து குழியில் விழ விழ, டியூபை அந்தக் குழியின் அடியிலேயே வைத்துக் கறுப்பு நிற்கும்வரை உறிஞ்சுங்கள். இந்த டியூப் நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் இழுக்கும். அதாவது கலக்கி வைத்த 60 லிட்டர், பத்துப் பன்னிரண்டு நிமிட வேலைக்குத்தான் வரும். ஒரு நாளைக்கு ஒரு அடிக்கல், மிஞ்சினால் இரண்டு. அடுத்ததற்கு இரண்டு வாரம் இடைவெளி.

உறிஞ்சி எடுத்த கறுப்பு மணலைக் கழுவித் திரும்பப் போட ஆசைப்படாதீர்கள். போகட்டும் விடுங்கள்.

புதுக் கல் மணல்மேல் உட்காரக் கூடாது. கண்ணாடித் தரையில் நிற்கும் கால்மேல்தான் உட்கார வேண்டும். 25 மி.மீ. பிவிசி பைப்பை 13 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, பக்கங்களில் சில துளை போட்டு, சிரிஞ்சாலோ டியூபாலோ சிறு குழி தோண்டிக் கண்ணாடி தட்டும்வரை இறக்குங்கள். மூன்று கால் போதும். மூன்று காலில் எதுவும் ஆடாது. பைப்பின் தலை மணலுக்கு மேல் 1 செ.மீ. நிற்கும். கல்லுக்கும் மணலுக்கும் நடுவே நீரோட்டம் போக அந்த இடைவெளியே போதும். டேங்க் பழைய மொனாக்கோ முறையில், அதாவது உயிரியலாளர் ழான் ஜொபேர் 1980களில் கொண்டுவந்த, மணலுக்கு அடியில் வலைமேல் வெற்றுத் தண்ணீர் அறை விடும் முறையில் கட்டப்பட்டதாக இருந்தால் இந்தக் கால் இறக்கும் வேலையே வேண்டாம். வலை கிழிந்தால் சரிசெய்ய வழி கிடையாது.

மீன் மேலே வந்து மூச்சு வாங்குகிறது

கல்லைத் தொட்ட அரைமணி நேரத்திலிருந்து இரவு வரை எப்போது வேண்டுமானாலும் இது வரலாம். விளக்கு அணைந்தபின் வருவது மோசமானது. பாசியும் பவளமும் ஆக்சிஜன் தருவதை நிறுத்தி எடுத்துக்கொள்ள ஆரம்பிக்கும் நேரம் அது.

டெஸ்ட் கிட்டைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். மணலைக் கிளறுவதை அந்த நொடியே நிறுத்துங்கள். ஏர் ஸ்டோன் உள்ளே போகட்டும், ஸ்கிம்மரின் காற்றுக் குழாய் முழுதாகத் திறக்கட்டும். ஒரு பவர்ஹெட்டை மேற்பரப்பு குமிழும்படி மேல்நோக்கித் திருப்புங்கள். எந்தப் பம்ப்பும் மணலைப் பார்க்கக் கூடாது. பிறகு தயாராக இருக்கும் 60 லிட்டரை மாற்றுங்கள். அறையில் ஏசி ஓடினால் நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மூடிய அறையில் கரியமில வாயு ஏறினால் தண்ணீரின் பிஎச் இன்னும் இறங்கும். பிஎச் இறங்க இறங்க சல்ஃபைடின் நஞ்சு கூடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பதினைந்து நிமிடத்தில் மூச்சு சீராகவில்லை என்றால் மீனைப் புதுத் தண்ணீர் வாளிக்கு மாற்றிவிடுங்கள், ஏர் ஸ்டோனோடு. இந்த நேரத்தில் உப்பு ஓரிரு புள்ளி வித்தியாசப்பட்டாலும் பரவாயில்லை. மின்வெட்டு வந்தால் பேட்டரி ஏர் பம்ப் கைகொடுக்கும். அதற்குத்தான் கடன் வாங்கச் சொன்னது.

மீன் சரியாக இருக்க, புழுக்கள் மட்டும் பட்டப்பகலில் மணலைவிட்டு வெளியே வந்து கண்ணாடியில் ஏறினால் அதுவும் ஆக்சிஜன் குறைவின் முன்னறிவிப்புதான். ஆனால் நாசாரியஸ் நத்தை மணலிலிருந்து தும்பிக்கையை நீட்டிக்கொண்டு எழுந்து வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம். சாப்பாட்டு வாசனை வந்தால் அது எப்போதும் செய்வதே அதுதான்.

அழுகிய முட்டை நாற்றம்

வாளியில் எடுத்த சேறு நாறுவது இயல்பு. டேங்குக்கு மேலே முகர்ந்தால் நாறுகிறதா என்பதே கேள்வி. ஒரு டம்ளரில் டேங்க் தண்ணீரை எடுத்து வேறு அறைக்குப் போய் முகருங்கள். அங்கே நாற்றம் இல்லையென்றால் வாளியை வெளியே கொண்டுபோய்க் கொட்டியதும் பிரச்சினை முடிந்தது. இதில் மூக்கை நம்பி ரொம்ப நேரம் நிற்காதீர்கள். இந்த வாயுவை முகர்ந்துகொண்டே இருந்தால் சீக்கிரமே மூக்கு மரத்துப்போகும். "நாற்றம் போய்விட்டது" என்று தோன்றும்போது அது அப்படியே இருக்கலாம்.

டம்ளரும் நாறினால், மேலே சொன்ன காற்றூட்டமும் தண்ணீர் மாற்றமும்தான் மருந்து. பாஸ்பேட் உறிஞ்சப் பயன்படும் இரும்பு ஆக்ஸைடு துகள் கையில் இருந்தால் ரியாக்டரில் (துகள் வழியே தண்ணீரை ஓட்டும் குடுவை) பாதி அளவு போடலாம். இரும்பு சல்ஃபைடைப் பிடித்துக்கொள்ளும். முழு அளவு போட்டால் பாஸ்பேட் ஒரேயடியாகச் சரிந்து, ஏற்கெனவே நொந்திருக்கும் பவளம் மேலும் நோகும். காற்றூட்டம் நன்றாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் நாற்றம் அடங்கிவிடும். அடங்காமல் தொடர்ந்தால் எங்கோ ஒரு உயிர் செத்து அழுகிக்கொண்டிருக்கிறது, அல்லது புதுக் கல் மணலில் ஆழமாக அமுங்கி அடியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

தண்ணீர் வெள்ளையாகக் கலங்கிவிட்டது

கலங்கல் இரண்டு விதம். வைத்தியமும் இரண்டு விதம். பிரித்தறிய ஒரு கண்ணாடி டம்ளர் போதும். தண்ணீரை எடுத்து அசைக்காமல் ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் வெள்ளைத் தூள் படிந்து மேலே தெளிந்தால் அது மணல் தூசு. அப்படியே பால் மாதிரி நின்றால் பாக்டீரியா.

தூசு என்றால் வேலை முடிந்த உடனேயே கலங்கியிருக்கும். ஃபில்டர் வூலை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரு நாளில் தெளிந்துவிடும். கலங்கலைக் கண்டு பயந்து பவர்ஹெட்டை முழு வேகத்தில் வைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. அது படிந்த தூசையும் மறுபடி எழுப்பும்.

பாக்டீரியா என்றால் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வெளுக்கும். மணலிலிருந்து வெளிவந்த கரிமக் கழிவைச் சாப்பிட்டுப் பெருகியவை அவை. அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும் என்பதால் ஏர் ஸ்டோனை நிறுத்தவே கூடாது. மீனுக்குச் சாப்பாட்டை இரண்டு நாள் நிறுத்துங்கள். மீன் பட்டினியால் சாகாது. கார்பன் போடுங்கள், ஸ்கிம்மரை ஈரமாக, அதாவது நீர்த்த நுரை நிறைய வெளியேறும்படி, ஓடவிடுங்கள். பாட்டில் பாக்டீரியா, பாக்டீரியாவுக்குத் தீனியாகச் சிலர் ஊற்றும் வினிகர், வோட்கா எதையும் இந்த வாரம் தொடாதீர்கள். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை அது.

அமோனியா காட்டுகிறது

முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று சோதிப்பது போதும். பூஜ்யத்தைத் தவிர எந்த எண்ணும் நல்லதல்ல என்றாலும், லிட்டருக்கு 0.25 மி.கிராம் வரை சாப்பாட்டைக் குறைத்துக் காத்திருக்கலாம். 0.5 என்றால் கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். 1ஐத் தொட்டால் மீன் வெளியே போகவேண்டும். நன்னீர் டேங்கில் பழகியவர்கள் "1 தானே" என்று சொல்வார்கள். கடல்நீரின் பிஎச் 8.2க்குப் பக்கத்தில் இருப்பதால் அதே எண்ணில் நச்சான அமோனியாவின் பங்கு கூடுதல்.

அமோனியா கட்டும் மருந்து போட்டிருந்தால், நெஸ்லர் முறைக் கிட் அதைப் பொருட்படுத்தாமல் பயமுறுத்தும் எண்ணைக் காட்டும். சாலிசிலேட் முறைக் கிட்டில் பாருங்கள்.

பவளம் சுருங்கி, சளி விடுகிறது

மேலே தூசு படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிஞ்சால் டேங்க் தண்ணீரையே எடுத்து மெல்ல ஊதிவிடுங்கள். காலையும் மாலையும் மூன்று நாள். கையால் துடைக்கக் கூடாது, தசை கிழியும்.

தூசு இல்லாமலே சுருங்கியிருந்தால் இடமாற்றத்தைக் கவனியுங்கள். பழைய இடத்தைவிட 10 செ.மீ. மேலே ஏறிய பவளத்துக்கு வெளிச்சம் நிறையவே கூடியிருக்கும். அது நான்கைந்து நாளில் வெளுக்க ஆரம்பிக்கும். அப்போது பலரும் மணலைத்தான் சந்தேகிப்பார்கள். விளக்கை 60 சதவீதத்துக்கு இறக்கி, வாரத்துக்குப் பத்து சதவீதமாக ஏற்றுங்கள். கல்லை அடுக்கி முடித்த அன்றே இதைச் செய்துவிடுவது உத்தமம்.

காரத்தன்மை (டிகேஎச் என்ற அலகில் அளப்பது) இன்னொரு சந்தேகம். 60 லிட்டர் மாற்றியதில் 8 டிகேஎச் இருந்த டேங்க் 9.5க்குப் போயிருந்தால் குற்றவாளி உப்புப் பொட்டலம்தான்.

மணலில் குமிழி எழும்புகிறது

விட்டுவிடுங்கள். கண்ணாடியோரம் மணலுக்குள் குமிழி தெரிவதும், அவ்வப்போது ஒன்று மேலே வருவதும் பெரும்பாலும் நைட்ரஜன்தான். மணல் வேலை செய்கிறது என்று அர்த்தம். இதைக் குச்சியால் குத்திப் பார்ப்பவர்களால்தான் பாதிக் கேடு வருகிறது.

கறுப்புத் திட்டு

எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கண்ணாடி வழியே பார்க்கும்போது அடியில் 3, 4 செ.மீ.க்குச் சாம்பலோ கறுப்போ தெரிந்தால் அது ஆழ்மணலின் இயல்பு. மேற்பரப்பிலிருந்து 1 செ.மீ. வரை ஏறி வந்திருந்தால், அதுவும் புதிதாக வைத்த கல்லைச் சுற்றி மட்டும் ஏறியிருந்தால், அந்தக் கல் மணலை மூடிக் காற்றை அடைக்கிறது. கல்லைக் கால்மேல் தூக்கி வைத்தால் ஒரு மாதத்தில் கறுப்பு தானாக இறங்கும். கறுப்பை உறிஞ்சி எடுக்கத் தேவையில்லை.

கண்ணாடியோரம் பச்சையும் ஊதாவுமாகப் பட்டை தெரிவது வேறு. அது பக்கவாட்டு வெளிச்சத்தில் வளர்ந்த பாசியும் பாக்டீரியாவும். கண்ணாடியோரத்தைத் தாண்டி உள்ளே இருக்காது. மணல் உயரத்துக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள், மறைந்துபோகும்.

இரண்டு மூன்று வாரம் கழித்து நைட்ரேட் ஏறுகிறது

எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது லிட்டருக்கு 5 மி.கிராமில் இருந்த நைட்ரேட் 20க்கு ஏறும். கிளறிய இடத்தில் ஆக்சிஜன் உள்ளே போய், நைட்ரேட்டை உடைத்த பட்டை கலைந்துவிட்டது. அது திரும்பக் கட்ட வாரங்கள் ஆகும். சில டேங்கில் இரண்டு மாதம்கூட ஆகும். அதுவரை வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றம், சாப்பாடு பாதி. கீட்டோமார்ஃபா பாசியை சம்ப்பில் வளர்த்தால் அது பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

பாஸ்பேட்டும் கூடவே ஏறலாம். சுண்ணாம்பு மணல் பாஸ்பேட்டை ஒட்டவைத்துக்கொள்ளும் குணமுடையது. கலைந்தால் கொஞ்சம் விடும். மணல் விட விடத் தண்ணீரில் எண் மறுபடி ஏறும் என்பதால் ஒரே நாளில் இறக்கப் பார்ப்பது வீண்.

பழுப்புப் படலம், சிவப்புச் சளி

கையால் துடைத்தால் தூளாகப் போகும் பழுப்பு, டயாட்டம் என்ற நுண்பாசி. புது மணலிலும் புதிதாக வெளிப்பட்ட கல்முகத்திலும் வரும், தானாகவே போகும். உரித்தால் தோல் போல் கழன்று வரும் சிவப்புச் சளி சயனோபாக்டீரியா. நீரோட்டம் தேங்கும் மூலையில் தொடங்கும். கல் இடம் மாறியதால் நீரோட்டமும் மாறியிருக்கும். பவர்ஹெட் பழைய திசையிலேயே நிற்கும். சளியை டியூபால் மேலோட்டமாக உறிஞ்சி எடுத்துவிட்டுப் பவர்ஹெட்டைத் திருப்புங்கள். உறிஞ்சும்போது மணலில் அரை செ.மீ.க்கு மேல் இறங்காதீர்கள்.

மணல் ஒருபக்கம் குவிந்து, இன்னொரு பக்கம் பள்ளமாகிறது

இதற்கும் அதே காரணம்தான். முன்பு கல் தடுத்த நீரோட்டம் இப்போது நேராக மணலில் அடிக்கிறது. பள்ளம் 4 செ.மீ. தாண்டினால் காற்றில்லாத பட்டை திறந்துவிடும் என்பதால் அன்றைக்கே சரிசெய்யுங்கள். பவர்ஹெட்டை எதிர்க் கண்ணாடியின் மேல் பாதியில் அடிக்கும்படி வைத்து, ஒரு இரவு பாருங்கள்.

பள்ளத்தை நிரப்பப் பக்கத்துக் குவியலைத் தள்ளாதீர்கள். புது மணலை நனைத்து, 40 மி.மீ. பைப் ஒன்றை மணல்வரை இறக்கி, பம்ப்பை நிறுத்திவிட்டு அதன் வழியே கொட்டுங்கள். ஒரு தடவைக்கு 1 செ.மீ. அடுத்தது ஒரு வாரம் கழித்து. மொத்தமாகக் கொட்டினால் மேலே வாழும் புழுவெல்லாம் உயிரோடு புதையும். பிறகு அமோனியா என்ற தலைப்புக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அடுக்கிய கல் சாய்கிறது

கல் மணல்மேல் நின்றால் இது எப்போதாவது நடந்தே தீரும். கோபி மீனும் பிஸ்டல் இறாலும் கல்லடியில்தான் வளை தோண்டும். சாய்ந்த கல்லை நிமிர்த்தி அடியில் மணலை அடைப்பது இரண்டு வாரத்துக்குத் தாங்கும். பைப் கால்தான் நிரந்தரம். கல்லோடு கல்லை எப்பாக்ஸியால் மட்டும் ஒட்டாதீர்கள், 6 மி.மீ. துளை போட்டு ஃபைபர் கம்பி செருகி, அப்புறம் எப்பாக்ஸி. இரும்புக் கம்பி, ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தாலும், உப்புத் தண்ணீரில் வேண்டாம்.

மணல் பாறையாக இறுகிவிட்டது

தட்டினால் கட்டியாக வருகிறது என்றால் கால்சியமும் காரமும் வேகமாகப் போட்டதில் சுண்ணாம்பு மணல்மேல் படிந்து ஒட்டியிருக்கிறது. கால்க்வாசர் (சுண்ணாம்பு நீர்) சொட்டும் இடத்துக்கு நேர் கீழே இது அதிகம். கட்டியை உள்ளே வைத்து நொறுக்கக் கூடாது. ஓரத்தைப் பிடித்துத் துண்டாக வெளியே எடுங்கள், ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவு. மருந்து சொட்டும் இடத்தை நீரோட்டம் பலமான சம்ப் பகுதிக்கு மாற்றாமல் கட்டியை மட்டும் எடுத்தால் மூன்று மாதத்தில் திரும்ப வரும்.

மணலைக் கிளற ஏதாவது உயிரை விடலாமா

அடிக்கடி எழும் கேள்வி. மணல் கிளறும் நட்சத்திர மீன் மணலில் உள்ள நல்ல உயிரையெல்லாம் தின்று தீர்த்துவிட்டுப் பிறகு பட்டினியில் சாகும். இந்த அளவு டேங்குக்கு அது ஆகாது. கடல் அட்டை நல்ல வேலைக்காரன்தான், ஆனால் இந்தியாவில் கடல் அட்டை இனங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கடைக்காரர் எடுத்துக் காட்டினாலும் வாங்காதீர்கள். நாசாரியஸ் பத்து, செரித் நத்தை பதினைந்து போதும். இவை மேல் 2 செ.மீ.யை மட்டும் உழும், அதற்குக் கீழே போய்க் கெடுக்காது.

மொத்த மணலையும் எடுக்கவேண்டிய நேரம்

கறுப்பு மேற்பரப்பை எட்டிப் பல இடங்களில் பரவியிருந்தால், நாற்றம் ஒரு வாரம் கடந்தும் நின்றால், நைட்ரேட் மூன்று மாதத்திலும் இறங்காமல் இருந்தால், ஒட்டுப்போடும் வேலையை விட்டுவிடலாம். ஒரு விடுமுறை நாள் முழுவதும் வேண்டும். இரண்டு 100 லிட்டர் டிரம்மில் டேங்கின் தெளிந்த தண்ணீரை, மணலைத் தொடுவதற்கு முன்பே, நிரப்புங்கள். ஒன்றில் கல்லும் பவளமும், இன்னொன்றில் மீன். இரண்டிலும் ஹீட்டர், பவர்ஹெட். கல்லை எடுக்காமல் மீனைப் பிடிக்க முடியாது என்பதால் வரிசை கல், பவளம், மீன் என்றுதான் வரும்.

மேல் 2 செ.மீ. மணலைத் தட்டையான கிண்ணத்தால் வழித்து ஒரு வாளியில் தனியாக வையுங்கள். புது மணலுக்கு விதை அதுதான். மிச்சத்தை மண்வாரியால் அள்ளிக் கொட்டுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். டேங்கின் அடியில் மிஞ்சிய தண்ணீரை எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் திரும்பச் சேர்க்காதீர்கள். அதனால் 60 லிட்டர் போதாது, இந்த வேலைக்கு 120 லிட்டர் கலக்கி வைக்க வேண்டும்.

பைப் காலும் கல்லும் முதலில், மணல் அப்புறம். காலியான கண்ணாடியில் கால்களை நிறுத்தி, கல்லை அடுக்கி, ஆட்டிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் கழுவிய புது நுண்மணலைச் சுற்றி நிரப்ப வேண்டும். மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கலங்கல் பாதியாகக் குறையும். விதை மணலை மூன்றாம் நாள், தண்ணீர் தெளிந்த பிறகு, கைப்பிடி கைப்பிடியாக நாலைந்து இடத்தில் வையுங்கள். பரப்ப வேண்டாம், புழுக்களே பரப்பிக்கொள்ளும். அமோனியா இரண்டு நாள் தொடர்ந்து பூஜ்யம் காட்டும்வரை மீன் டிரம்மிலேயே இருக்கட்டும், டிரம்மில் தினம் 20 லிட்டர் மாற்றியபடி.

ரிட்டர்ன் பம்ப்பைத் திரும்ப ஓடவிட்டதும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். கல்லின் கனஅளவு மாறியதால் டேங்கிலும் சம்ப்பிலும் நீர்மட்டம் முன்பு இருந்த இடத்தில் இருக்காது. பம்ப் நின்றதும் மேலிருந்து இறங்கும் தண்ணீரை சம்ப் கொள்கிறதா என்பதை இப்போதே பார்த்துக்கொள்ளாவிட்டால், நள்ளிரவு மின்வெட்டில் தரை முழுக்க உப்புத் தண்ணீர் நிற்கும்.